முப்பத்தெட்டாம் பக்கத்துத் தண்ணீர்

இடது கையில் இரண்டு ஊசி.
அதை அசைக்கக் கூடாது.
அதனால் இந்த நாவலை நான்
வலது கையால் மட்டும் படித்தேன்,
கட்டைவிரலால் பக்கத்தைத் தள்ளி,
புரள மறுத்தால் முகவாயால் அமுக்கி.

சௌராஸ்தா சந்தை மாடியில் மூன்று வெள்ளி.
உள்ளட்டையில் ஏதோ தோட்டப் பள்ளியின் நூலக முத்திரை.
திருப்பித் தர வேண்டிய தேதி 1987 ஜூலை 14.
யாரோ தரவில்லை.
அந்த யாரோவுக்கு நன்றி.

தொண்ணூற்றாறே பக்கம்.
"ஒரே மூச்சுல முடிச்சிடலாம்" என்று
மச்சான் தவசீலன் இருபது வருஷமாகச் சொல்கிறான்.
கல்யாண வீடுகளில் பேச்சு வரும்போது
படித்தவனைப் போல நானும் தலையாட்டியிருக்கிறேன்.
முடிவு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.
கடைசியில் அவள் ரயில் ஏற மாட்டாள்.
பெட்டியை மட்டும் ஏற்றி அனுப்பிவிடுவாள்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவனுக்கு
நாவல் எதற்கு என்று இருந்துவிட்டேன்.
இப்போது செவ்வாய், வியாழன், சனி,
நாலு மணி நேரம்
ஓடாத வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன்.
ரத்தம் மட்டும் போய் வருகிறது.

முதல் இருபது பக்கம் பிடிக்கவில்லை.
உள்ளதைச் சொல்கிறேன்.
மழை வருமா வராதா என்று நாலு பேர் பேசுகிறார்கள்.
ஸ்டேஷன் மாஸ்டர் மீசைக்கே ஒரு பக்கம்.
பிரஷர் பார்க்க வந்த நோர்ஹயாத்தி மிஸ்ஸி
"பரீட்சையா அங்கிள்?" என்றாள்.

முப்பத்தெட்டாம் பக்கம்.
அவள் சொம்பை நீட்டுகிறாள்.
வந்தவன் யாரென்று நமக்குத் தெரியாது,
அவளுக்கும் தெரியாது.
அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறான்.
எழுதியவருக்கு அவசரமே இல்லை:
குரல்வளை ஏறி இறங்கியதை,
தாடையில் வழிந்ததை, சட்டைக்குள் போனதை,
அடியில் மிஞ்சியதை அவன்
மண்ணில் கொட்டியதை.

கொட்டிவிட்டான்.

எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
ரசமும் அதில் சேர்த்தி, கோப்பியும் சேர்த்தி.
ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கி
பெர்ரி கரை சேரும்வரை கரைய விடாதவன் நான்.
அந்த ஒரு மடக்கு மண்ணில் விழுந்தபோது
இடது கை தன்னால் அசைந்தது.
இயந்திரம் கத்தியது.
மிஸ்ஸி ஓடி வந்து திட்டினாள்.

பக்கத்து நாற்காலி ஊய் கேட்டார்,
புத்தகத்தில் என்ன ஆயிற்று என்று.
அவருக்கு இந்த எழுத்து தெரியாது.
எனக்குத் தெரிந்த ஹொக்கியன் மீ வாங்கத்தான் காணும்.
மலாயில் சொன்னேன்:
ஒருத்தன் தண்ணீர் குடிக்கிறான்.
"அப்புறம்?"
மிச்சத்தைக் கீழே ஊற்றுகிறான்.
ஊய் வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.
பிறகு அவனை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
"எத்தனையாவது பக்கம்?" என்றார்.

இதை ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை?
ரயிலைச் சொன்னார்கள், பெட்டியைச் சொன்னார்கள்,
தவசீலன் கடைசி வரியை ஒப்பிப்பான்
கண்ணை மூடிக்கொண்டு.
சொம்பைப் பற்றி ஒரு பேச்சில்லை.
அவர்களுக்கெல்லாம் சிறுநீரகம் வேலை செய்கிறது போல.

மூன்றாம் மணியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
அந்த இடத்தில்தான் வந்தவன் யாரென்று தெரிகிறதாம்.
வலி போனபின் திரும்பிப் போய்ப் படித்தேன்.

தெரிந்த முடிவுதான்.
தெரிந்தும் தொண்ணூற்று நான்காம் பக்கத்தில்
விரலை வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தேன்.
கொம்தாருக்குப் பின்னால் இருட்டிக் கிடந்தது.
வருமா வராதா.
ஏறிவிடு என்றேன்,
எப்போதோ அச்சாகிவிட்ட ஒருத்தியிடம்.

அவள் ஏறவில்லை.

ஊசியைக் கழற்றி, பஞ்சை அழுத்தி,
எடை மேடையில் நின்றேன்.
இரண்டு கிலோ முந்நூறு எடுத்ததாக இயந்திரம் சொன்னது.
தராசு ஒத்துக்கொள்ளவில்லை.
"அங்கிள், கையில இருக்கிறதக் கீழ வைங்க."
நாற்காலி ஓரத்தில் வைத்தேன்.

இறங்கித் திரும்பும்போது
ஊய் அதை மடியில் போட்டுக்கொண்டு
ஒற்றைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தார்,
முப்பத்தாறு, முப்பத்தேழு,
எண்கள் அவருக்குத் தெரியும்.